துரை வீட்டு விருந்தும் கோமதியின் பதிலும்

போன வாரம் நண்பர் சேஷாத்ரி ஆள் அனுப்பினார் — உடனே வரச் சொல்லி. மயிலாப்பூரில் எந்தத் தெரு என்று தேடாதீர்கள், பெயரை மாற்றியிருக்கிறேன். அவருடைய அம்மா பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போனால், மனுஷர் கட்டிலில் கிழிந்த நாராகக் கிடக்கிறார். பக்கத்தில் மனைவி கோமதி. ராயப்பேட்டை டாக்டர் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாடாப்புழு ஸார். சரியா வேகாத மாமிசம் சாப்பிட்டா வர்றது. எங்கே சாப்பிட்டீங்க?"

மாமிசமா! வெங்காயம்கூட நாள் பார்த்து நுழைகிற வீடு அது. சேஷாத்ரியின் முகம் வெளுத்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: சில மாதங்களுக்கு முன் ஆபீஸ் வெள்ளைக்காரத் துரை வீட்டில் விருந்து... உள்ளே சிவப்பாக இருந்தால்தான் ருசி என்றாராம் துரை. உத்தியோக உயர்வு தரப்போகிறவர் தட்டை நீட்டினால் மறுக்க முடியுமா? சிரித்துக்கொண்டே விழுங்கியிருக்கிறார்.

கூடத்தில் அம்மா ஜபத்தில் இருந்தாள். விஷயம் தெரிந்தால் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் தொடமாட்டாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு கும்பகோணத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். சேஷாத்ரிக்கோ அம்மா என்றால் உயிர்.

"டாக்டர் என்னடி சொல்றார்?" — கூடத்திலிருந்து அம்மாவின் குரல்.

எனக்கு வியர்த்துவிட்டது. கோமதிக்கு இமைகூட ஆடவில்லை.

"துரையாத்து விருந்துல எதையோ சரியா வேகாம போட்டுட்டாளாம், அம்மா. வயத்துல பூச்சி. மருந்து தரார்."

"வெளில சாப்பிடாதேன்னு தலைபாடா அடிச்சுண்டேனே! அவாளுக்கு வேகவைக்கவா தெரியும்?"

ஜபம் தொடர்ந்தது.

இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? ஹைகோர்ட்டில் பெரிய பெரிய வக்கீல்களைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுத்தமான வாதத்தைக் கேட்டதில்லை. அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

நேற்று மறுபடி போனேன். பட்டினி, குமட்டுகிற மருந்து, பேதி — எல்லாம் முடிந்து சேஷாத்ரி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புழுவின் தலையும் வெளியே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி வளரும் என்று சொல்லியிருந்தாராம் டாக்டர். அதையும் முகம் சுளிக்காமல் பார்த்தவள் கோமதிதான். ஒரு குத்தல் பேச்சு? ஒரு சொட்டுக் கண்ணீர்? ஊஹும்!

கஞ்சியை நீட்டியபடி மெதுவாகச் சொன்னாள்:

"துரை மறுபடியும் கூப்பிட்டா போங்கோ. ஆனா, 'எனக்கு இது வேண்டாம்'னு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ற தைரியம் இருந்தா மட்டும்."

சேஷாத்ரிக்கு அந்தத் தைரியம் வருமா? சந்தேகம்தான்... பேசாமல் கோமதியை ஆபீஸுக்கு அனுப்பினால், உத்தியோக உயர்வும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்!