பூச்சு மருந்தில்லை

முந்தலிலிருந்து புத்தளம் வரைக்கும் எந்த வீட்டில் கலியாணமென்றாலும் மணமகளைச் சோடிக்க ஸாஜிதாவைத்தான் தேடுவார்கள். கைவேலையில் குறை சொல்ல ஆளில்லை. குறையெல்லாம் அவள் முகத்தில்தான். பள்ளிக்கூட வயதில் வந்த பருக்கள் இரண்டு கன்னத்திலும் குழி பறித்துவிட்டுப் போயிருந்தன. மணமகளுக்குப் பின்னால் தன் முகமும் கண்ணாடியில் தெரிவதை அவளால் சகிக்க முடியவில்லை. "ஊருக்கெல்லாம் பூசுறா, தனக்குப் பூசத் தெரியல்ல" என்று ஒரு மாமி சொன்னது காதில் விழுந்த பிறகு, லேசர் செய்தே தீருவதென்று தோல் டாக்டரிடம் போனாள்.

"முகத்துக்கு மருந்து ஏதும் பூசுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்ல டாக்டர்."

பொய்யில்லை. மருந்தென்றால் டாக்டர் எழுதித் தருவது. இரவில் அவள் போடுவது பூச்சு. கடையில் வாங்கும் டியூப்புகளைப் பிதுக்கி அவளே கலக்குவது. முகம் வெளுக்க மணமகள்மாருக்கும் அதைத்தான் சின்னப் போத்தலில் போட்டுக் கொடுப்பாள்.

காதோரம் ஒரு காசளவு இடத்தில் மட்டும் லேசர் அடித்துப் பார்த்தார்கள். அடுத்த முறை போனபோது அந்த இடம் கறுத்திருந்தது. டாக்டரம்மா துருவிக் கேட்டதில் பூச்சின் கதை வெளியே வந்தது.

"அதில ஸ்டீரொய்ட் இருக்கு மகள். தோலை மெலிசாக்கும், பருவையும் அதுவே கொண்டு வரும். இந்தத் தோலில, நம்மட நிறத்துக்கு, லேசர் அடிச்சா முகம் முழுக்க இப்பிடித்தான் கறுக்கும். முதல்ல நான் சொல்ற மாதிரிப் பூச்சை விடுங்க. முகம் கொதிக்கும், அதுக்கு மருந்து தாறன். வெயிலுக்குக் கிரீம் போடுங்க. பரு அடங்கி, தோல் தேறினாப் பாப்பம்."

"எவ்வளவு நாளாகும்?"

"மாசக்கணக்கில."

சொன்னபடியே முகம் கொதித்தது. சிவந்து, புதுப் பருக்களும் கிளம்பின. "நல்லா இருந்த முகத்தைக் காட்டப் போய்க் கெடுத்துக்கிட்டு வந்திருக்கா" என்றார் உம்மா.

"நல்லா இருந்திச்சா? இத்தனை வருஷத்தில இண்டைக்குத்தானே உம்மா அப்பிடிச் சொல்றீங்க."

அந்த நேரம் பார்த்து, பெருநாள் கழித்துக் கலியாணம் வைத்திருந்த ஸும்ரா வந்தாள். "ராத்தா, அந்தப் பூச்சில ரெண்டு போத்தல் தாங்க."

"அது இனி இல்ல. தோலைக் கெடுக்குது. என்ட மூஞ்சப் பாரு."

"போட்டதாலயா, நிப்பாட்டினதாலயா?"

ஸாஜிதாவிடம் பதில் இருந்தது. சொல்லச் சொல்ல ஸும்ரா தலையாட்டினாள். பிறகு சொன்னாள்: "சிலாபத்தில ஒரு சலூன்ல ஒரே நாள்ல லேசர் அடிச்சு விடுறாங்களாம். நீங்களும் வாங்களன்."

"நான் வரல்ல. நீயும் போகாத."

ஸும்ரா முகம் சுண்டிப் போனாள். சோடினையும் வேறு ஆளுக்குத்தான் என்று ஸாஜிதாவுக்கு விளங்கியது. அதே எரிச்சலோடு போனை எடுத்து, பூச்சு வாங்கிய எல்லாருக்கும் குரல் பதிந்து அனுப்பினாள்: அது நல்லதில்லை, இனிப் போட வேண்டாம், ஒரு தோல் டாக்டரிடம் காட்டுங்கள், நான் அறியாமல் கொடுத்துவிட்டேன் என்று.

முதல் பதில் உடனே வந்தது. "நீங்க பூச்சு செய்யுறத விடப் போறீங்க போல ராத்தா. முடியிறதுக்குள்ள எனக்கு மூணு போத்தல் எடுத்து வைங்க."