வழிமொழிபவரின் வாக்கு

எங்கள் முதியோர் சங்கத்தில் வருடா வருடம் தேர்தல் நடக்கும். ஆனால் யாரும் வாக்களித்ததில்லை. ஒருவர் தலைவரின் பெயரை முன்மொழிவார், என் கணவர் வழிமொழிவார், அவர் உட்காருமுன் கைதட்டி முடித்துவிடுவார்கள். 'ஏகமனதாக' என்று குறிப்பெழுதுவார்கள். பிறகு தலைவர் பேசத் தொடங்குவார். அவர் முடிப்பதற்குள் பெண்கள் நாங்கள் வடை சுட்டு, தேத்தண்ணி ஊற்றி, அது ஆறியும் போயிருக்கும்.

அந்தப் பதவியில் எனக்கு ஒரு கண் இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது? இங்கே கனடாவில், மார்க்கம் நகரத்தில் ஓர் அலுவலகத்தையே மேய்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு கூட்டத்தை அரை மணி நேரத்தில் முடிக்க எனக்குத் தெரியும்.

போன கோடையில் சங்கத்தார் எல்லோரும் பஸ் பிடித்து ஒரு பழைய குடியேற்றக் கிராமம் பார்க்கப் போனோம். பிரித்தானியர் ஆண்ட காலத்து மரவீடுகளை அப்படியே வைத்திருக்கும் இடம். அந்தக் காலத்து நீளப்பாவாடை கட்டிய ஓர் இளம்பெண், இந்த மாகாணத்தின் முதல் சட்டசபைக்கு ஆள் தெரிவு செய்த விதத்தை நடித்துக் காட்டப்போவதாகச் சொன்னாள். காணி உள்ள ஆண்கள் மட்டும் பலகை மேடையில் ஏறி, தங்கள் வாக்கு யாருக்கு என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டுமாம். பெண்களுக்கு வாக்கே இல்லை.

எங்கள் ஆண்கள் விழுந்தடித்து ஏறினார்கள். முதல் ஆள் என் கணவர். வீடு அவர் பெயரிலா என்று அந்தப் பெண் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். அவர் கடை நடத்திய காலத்தில், கடை கவிழ்ந்தாலும் வீடாவது மிஞ்சட்டும் என்று என் பெயரில் எழுதியிருந்தோம். இறங்கச் சொல்லிவிட்டாள். ஆக, எனக்கு வீடு இருந்தும் வாக்கில்லை, அவர் ஆணாக இருந்தும் வாக்கில்லை.

அடுத்தது தலைவர்.

"அண்ணை, வீடு மகன்ர பேரில எல்லோ?" என்று கீழே நின்று கேட்டேன். நல்லெண்ணத்தில்தான் கேட்டேன். பக்கத்தில் நின்ற சங்கத்து அன்ரி ஒருவர் அதை உடனே அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்தார். தலைவரும் இறங்கினார்.

வாடகைக்கு இருப்பவர், மகள் வீட்டு பேஸ்மென்டில் இருப்பவர் என்று ஒவ்வொருவராக இறங்கி, கடைசியில் ஒஷாவா நகரத்தில் சொந்த வீடு உள்ள ஓர் அங்கிள் மட்டும் மேலே நின்றார். வாக்கைச் சொல்லுங்கள் என்றதும் அவர் குனிந்து தலைவரைப் பார்த்தார்.

"அண்ணை, ஆருக்குச் சொல்லுறது?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வந்தது பொல்லாத கோபம். திரும்பி வரும் வழியில் பஸ்ஸுக்குள் எழுந்து நின்றேன்.

"இந்த முறை கைதட்டுற வேலை வேண்டாம். ஆருக்கும் தெரியாமல் கடதாசியில எழுதி மடிச்சுப் போடுவம். தலைவர் பதவிக்கு நானும் நிக்கிறன்."

பெண்கள் ஆரவாரித்தார்கள். ஆண்கள் ஜன்னலால் வெளியே பார்த்தார்கள். இத்தனை பேருக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாமல், "அதுக்கென்ன, தாராளமாய்" என்றார் தலைவர்.

தேர்தலன்று ஒரு பிஸ்கட் பேணியின் மூடியில் துளை போட்டு வைத்தோம். என் கணவர் சோதனை எழுதும் பிள்ளை போலக் கையால் மறைத்து எழுதி, நாலாக மடித்துப் போட்டார்.

ஒரேயொரு வாக்கால் தோற்றேன். தலைவர் அன்று இரண்டு வசனம் பேசிவிட்டு உட்கார்ந்தார், தேத்தண்ணி சூடாக இருந்தது. ஆனால் நான் என் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

காரில் ஏறியதும் கேட்டேன்.

"நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?"

"அது ரகசியம் எல்லோ. நீர்தானே அப்பிடி வேணுமெண்டு கேட்டனீர்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் அந்த முகத்தை அன்று என்னால் வாசிக்க முடியவில்லை. அது எனக்கு உண்மையாகவே வலித்தது. வீட்டு வாசலில் கார் நின்றதும் கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"வீடு என்ர பேரில இருக்கு, தெரியும்தானே?"

"ஓம்" என்று சொல்லிவிட்டு இறங்கி, வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்.