செனட்டருக்காக வாசல் ஏறிய அண்ணை

கனடாவில் நான் இருந்த மொன்றியலுக்குத் தெற்கே, எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் ஒரு சின்ன மாநிலத்தில் என் அண்ணை தனியாக இருந்தார். அவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்தும், யாழ்ப்பாணத்தில் இருந்த அண்ணியின் விசா அசையவில்லை. அந்த மாநிலத்து செனட்டரின் அலுவலகம்தான் தூதரகத்துக்கு எழுதி எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இலையுதிர்காலம் அதே செனட்டர் மறுபடியும் தேர்தலில் நின்றார். இந்தமுறை தோற்றுவிடுவார் என்றுதான் பேச்சு.

அண்ணை அவருக்காக வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுக்கத் தொடங்கினார். நியூயோர்க் கோபுரங்கள் விழுந்த பிறகு வந்த வருடங்கள் அவை. எங்கள் நிறத்து ஆட்களைக் கண்டாலே சந்தேகப்பட்ட காலம்.

"வேண்டாம் அண்ணை. உங்களைப் பாத்துப் பயந்து ஆரும் பொலிசுக்குப் போன் அடிச்சா?"

"இவர் தோத்தா அவளின்ர கேஸை ஆர் பாக்கிறது, பிள்ளை?"

ஒரு சனிக்கிழமை பின்னேரம், மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி மரக்கறிக் கடையில் நான் நிற்கும்போது, துண்டுப்பிரசுரம் கொடுக்கப் போன தெருவிலிருந்து அண்ணை அழைத்தார். கூட வந்த வெள்ளைக்கார அம்மா எதிர்ப்பக்க வீடுகளுக்குப் போய்விட்டாவாம். கதைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"பொலிஸ் கார். போனை வைக்காதை."

"கையைத் தூக்கு!" என்று ஆங்கிலத்தில் ஓர் அதட்டல். போன் கீழே விழுந்த சத்தம். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என் குரல் அங்கே கேட்டால், அந்தப் பொலிஸ்காரன் வெருண்டு சுட்டுவிடுவானோ என்று பயம். கடைக்காரர், "என்னக்கா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். ஏன் வந்தாய், பையில் என்ன என்று பொலிஸ்காரன் அதட்டுவது போனில் கேட்டது. அண்ணையின் பதில் கேட்கவேயில்லை.

பிறகு ஒரு முதிய பெண்குரல், மூச்சிரைக்க: "அவர் என்னோடு வந்தவர்! செனட்டருக்காக வந்திருக்கிறோம்!"

நெடுநேரம் கழித்து அண்ணை போனை எடுத்தார். "ஆரோ வீட்டுக்காரர் பொலிசுக்குப் போன் அடிச்சுச் சொல்லியிருக்கினம். விட்டிட்டாங்கள்."

"உடன வீட்டை போங்கோ!"

"இன்னும் கொஞ்ச வீடு கிடக்கு. பேந்து போன் எடுக்கிறன்."

செனட்டர் மயிரிழையில் வென்றார். அவருடைய அலுவலகம் கடிதங்களை நிறுத்தவில்லை. அடுத்த கோடையில் அண்ணி வந்து சேர்ந்தா. இருவரும் மொன்றியலுக்கு வந்திருந்தபோது, சாப்பாட்டு மேசையில் என் கணவர் அண்ணையின் துணிச்சலைப் புகழ்ந்தார்.

"துணிச்சலோ? கால் ரெண்டும் நடுங்கினது. நிண்டா விழுந்திடுவன் எண்டுதான் நடந்தனான்."

அண்ணிக்கு அதுவரை எதுவும் தெரியாது. சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தா.