ஸ்ரனிஸ் அண்ணையின் கோபமும் ஒரு வால்வு அம்பிளிபயரும்

ஸ்ரனிஸ் அண்ணையின் மனைவி பிலோமினா அக்கா தொலைபேசியில் அழவில்லை. "இவர் போயிட்டார் தங்கச்சி. காலமை தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதிரையில இருந்தவர், அப்பிடியே சரிஞ்சிட்டார்" என்றார். நான் அப்போது மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பையை வியாபாரியிடமே விட்டுவிட்டுக் குருநகருக்குப் போக பஸ் ஏறினேன்.

அடக்கப் பூசையில் பிரசங்கம் செய்த இளம் குருவானவர், காலமான ஸ்ரனிஸ்லாஸ் சாந்தமும் பொறுமையும் நிறைந்த மனிதர் என்றார். முன்வரிசையில் இருந்த பிலோமினா அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தத் துக்கத்திலும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது. குருவானவரில் பிழையில்லை, அவர் பங்குக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. ஆனால் திருநாள் மேடைகளில் எங்கள் இசைக்குழுவைக் கேட்டு வளர்ந்த உங்களுக்குத் தெரியும், ஸ்ரனிஸ் அண்ணை சாந்தமானவர் அல்ல. பொறுமை அவர் பக்கமே வந்ததில்லை. கோபம் வந்தால் கைநீட்டுவார். அவரைச் சாந்தமானவராக்கி மண்போட்டால் நாங்கள் வேறு யாரையோ அடக்கம் செய்ததாகிவிடும். அதனால்தான் இந்த நினைவு மலருக்கு இதை எழுதுகிறேன்.

1983ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாண வீட்டுக்கு வாசிக்கப் போயிருந்தோம். அண்ணை கிற்றார், ஜெயம் டிரம், நான் பாட்டு. அவுஸ்திரேலியாவில் இருந்த பிள்ளைகளிடம் போகவிருந்த ஒரு வயதான பறங்கி வாத்தியக்காரர், தன்னுடைய பழைய இங்கிலாந்து அம்பிளிபயரை விற்கப்போகிறார் என்று அங்கே யாரோ சொன்னார்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பதால், ஆங்கிலம் கதைக்க அண்ணை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெரிய றங்குப்பெட்டி அளவான அது ஒரு மூலையில் பூச்சாடி சுமந்துகொண்டிருந்தது. அண்ணை பூச்சாடியை இறக்கி வைத்துவிட்டு சுவிச்சைப் போட்டார். சத்தமே இல்லை. பிறகு மெதுவாக உள்ளே கண்ணாடிக் குழல்களான வால்வுகள் சிவந்தன. ஒரு இரைச்சல் எழுந்தது. பின்பக்கம் குந்தியிருந்து ஒவ்வொரு வால்வையும் பென்சிலால் தட்டினார். ஒன்று மட்டும் ஸ்பீக்கருக்குள்ளே மணிபோல் கிணுங்கியது. "உது ஒண்டு சாகப்போகுது, மற்றதெல்லாம் நல்லது எண்டு சொல்லும்" என்றார். சொன்னேன். கிழவர் ஒத்துக்கொண்டார். அண்ணை கிற்றாரைச் செருகி ஒரே ஒரு தரம் தந்திகளை அடித்தார். அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அடிபிடியில் வென்று வந்தவன்போல அவர் முகம் இருந்தது.

தகப்பன் விட்டுப்போன வள்ளத்தில் தன் பங்கை விற்றுத்தான் அதை வாங்கினார். அப்போது அவருக்குக் கலியாணம் முடிந்து சில மாதங்கள்தான். பிலோமினா அக்கா நெடுநாள் அவரோடு கதைக்கவில்லை. அண்ணை என்னிடம் சொன்னார்: "உது சூடேற நேரமெடுக்கும். ஏறினாப் பிறகு சொல்வழி கேளாது. என்னை மாதிரித்தான்."

ஜெயம் அதைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டான். ஒருநாள் ஒத்திகை முடிந்ததும், பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்பலகையை எடுத்து உள்ளே கையை நீட்டினான். அண்ணை பாய்ந்து வந்து கன்னத்தில் விட்ட அறையில் அவன் சுவரோடு போய் விழுந்தான். உதடு கிழிந்து இரத்தம் வந்தது. எனக்கு அண்ணைமீது ஆத்திரம். அவர் கைப்பிடிக்கு இறப்பர் சுற்றிய திருகாணிச் சாவியை உள்ளே வைத்தார். வெடிபோலச் சத்தம், நீலப்பொறி பறந்தது. பிளக்கைக் கழற்றினாலும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும், தொட்டவனைக் கொல்லும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது. "நான் அடிச்சால் எழும்புவாய். உது அடிச்சால் எழும்பமாட்டாய்" என்று ஜெயத்துக்குச் சொன்னார். பிறகு அவரே தண்ணீர் கொண்டுவந்து அவன் வாயைக் கழுவிவிட்டார்.

அந்த ஜெயம் கடலில் செத்தான். மூன்று வருடங்களுக்குப் பின், மாமன்மாரோடு மீன்பிடிக்கப் போன வள்ளத்தைக் கடற்படையின் ரோந்துப் படகொன்று மறித்துச் சுட்டது. திரும்பி வந்த வள்ளத்தில் மீனும் இருந்தது, அவனும் இருந்தான். வலையால் மூடிக் கிடத்தியிருந்தார்கள். கரையில் பெண்கள் எழுப்பிய ஓலத்தைக் கேட்டவர்கள் உங்களில் பலர். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த அண்ணை, அம்பிளிபயரை உதைத்தார். ஒரு உதை அல்ல. முன்சீலை கிழிந்து, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு பிளந்து, உள்ளே கண்ணாடி நொறுங்கும்வரை உதைத்தார். அவரைப் பிடிக்கப் போன எனக்கும் அடி விழுந்தது.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு, மகனுக்குப் பிடித்த மெட்டை வாசிக்க வேண்டும் என்று ஜெயத்தின் தாய் வந்து கேட்டபோது, அண்ணையால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஓம் என்றார். பட்டம் கட்டுகிற ரிசுத்தாளைக் கீறி, பிலோமினா அக்காவின் நகப்பூச்சைத் தடவி, கிழிந்த கூம்பை ஒட்டினார். வால்வுக்கு எங்கு போவது? என் தகப்பனாரின் பெரிய றேடியோவில் அதே வால்வு இருந்தது. ஐயா ஆசிரியர், காலையும் மாலையும் செய்தி கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அண்ணை கேட்க வெட்கப்பட்டு வாசலில் நின்றார். ஐயா தானே கழற்றிக் கொடுத்தார். அன்று முதல் ஐயா செய்தி கேட்க அயல்வீட்டுக்குப் போனார்.

1987 ஐப்பசியில் அமைதி காக்க வந்த படை நகரத்துக்குள் புகுந்தது. ஷெல்லுக்குப் பயந்து குருநகர்ச் சனம் தேவாலயத்துக்குள் நெருக்கியடித்துக் கிடந்தது. அண்ணையோடு ஒரே வீட்டில் இருந்த, பிலோமினா அக்காவின் தகப்பனார் சூசையப்பு மட்டும் வீட்டை விட்டு அசையமாட்டேன் என்றுவிட்டார். அவருக்குச் சோறு கொண்டுபோன நேரத்தில் அண்ணை பிடிபட்டார். அக்கா தலைவிரி கோலமாக ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "இங்கிலீசில சொல்லு தங்கச்சி, கொல்லப்போறாங்கள்" என்றார்.

நான் போனபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. அண்ணை முற்றத்தில் முழங்காலில் நின்றார். இடது கையைக் கல்லின்மேல் வைக்கச் சொல்லித் துவக்குப் பிடியால் குத்தியிருந்தார்கள். மோதிர விரலும் சின்னவிரலும் விரல் மாதிரியே இல்லை. பக்கத்தில் அம்பிளிபயர் பின்பலகை பெயர்ந்து கிடந்தது. ஒரு சிப்பாயின் சப்பாத்தின்கீழ் வால்வுக் கண்ணாடி. இது செய்தி அனுப்பும் கருவி, யாருக்கு அனுப்புகிறாய் என்பதுதான் அவர்களின் கேள்வி. போட்டுக் காட்ட மின்சாரம் இல்லை. அண்ணையைக் கொண்டுபோக எழுப்பினார்கள். அப்படிக் கொண்டுபோனவர்கள் திரும்பி வராத நாட்கள் அவை.

அங்கே நின்ற அதிகாரியைப் பார்த்தேன். அம்பிளிபயரின் முன்னால் குந்தி, திருகுகளுக்குக் கீழே அச்சிட்டிருந்ததை விரலால் தொட்டு உரத்து வாசித்தேன்: வொலியூம், பாஸ், ட்ரெபிள். "செய்தி அனுப்பும் கருவிக்கு இது எதற்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் குனிந்து தானும் வாசித்தார். நிமிர்ந்தார். விடச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

அண்ணை அப்போது சொன்னதை நான் மறக்கவில்லை. "அவனுக்கு வாசிக்கத் தெரியும் தங்கச்சி. அடிச்சுப்போட்டுத்தான் வாசிச்சான்."

முறிவு பார்க்கும் பரியாரி கட்டிய கட்டில் விரல்கள் பொருந்தின. ஆனால் கோணலாக, மடங்காமல். அந்த வருடம் அந்த வீட்டில் முழுசாக ஒரு கோப்பை மிஞ்சவில்லை. ஒருநாள் பிலோமினா அக்காவையும் அடித்தார். இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுது. நான் அகப்பைக் காம்பால திருப்பி அடிச்சதையும் எழுது" என்றார். அந்த அடிக்குப் பிறகுதான் அண்ணை கிற்றாரைத் திரும்பத் தொட்டார். எஞ்சிய இரண்டு விரல்களால் வாசிக்கப் பழகினார். முன்பைவிடக் குறைவான சுரங்கள். ஆனால் ஒவ்வொன்றும் குத்தியது.

தொண்ணூறுக்குப் பிறகு மின்சாரமே இல்லை. பற்றரிக்கும் தடை, பெற்றோலுக்கும் தடை. ஊமையாகிப்போன பழைய றேடியோக்களைச் சனம் அவரிடம் கொண்டுவந்து கொடுத்தது. தேவையான வால்வுகளைக் கழற்றி, பஞ்சு சுற்றிப் பால்மாத் தகர ரின்னில் வைத்திருந்தார். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரில் வருடத்துக்கு ஒரு திருநாள் வாசிப்பார். அப்படியொரு திருநாளில் பகல் வெளிச்சத்தில் பொம்மர் விமானம் வந்தது. சனம் பதுங்குகுழிக்குச் சிதறியது. கடற்கரைப் பக்கம் விழுந்த குண்டின் அதிர்வில் கூரை ஓடுகள் எங்கள்மேல் கொட்டின. அண்ணை அம்பிளிபயர்மேல் குப்புறக் கிடந்தார். முதுகில் இரத்தத்தோடு எழும்பி, வானத்தைப் பார்த்து அவர் ஏசிய ஏச்சைத் திருச்சபை வாசிக்கும் இந்த மலரில் எழுத முடியாது. அன்று எங்கள் தெருவில் இருவர் செத்தார்கள். இருவரையும் தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

1995 ஐப்பசியின் முடிவில் ஊர் முழுவதையும் வெளியேறச் சொன்னார்கள். ஷெல் கிட்டக்கிட்ட விழுந்துகொண்டிருந்தது. சைக்கிளில் இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டு, சேர்ந்து போவதற்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். சூசையப்பு அப்போதும் கதிரையில் இருந்தார். "நான் எங்கையும் வரேல்லை. என்னைத் தூக்கினால் வழியில செத்துப்போவன்" என்றார். பிலோமினா அக்கா காலைப் பிடித்து அழுதும் பயனில்லை.

அண்ணை மாமனாரோடு வாதாடவில்லை. உள்ளே போய் அம்பிளிபயரை இழுத்துவந்து முற்றத்தில் வைத்தார். பின்பலகையைக் கழற்றினார். பல மாதங்களாக மின்சாரம் காணாத பெட்டிக்குள், பழக்கத்தில், திருகாணிச் சாவியை வைத்துப் பார்த்தார். பிறகு கோடாலியை எடுத்தார்.

முதல் கொத்திலேயே பிலோமினா அக்கா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். அந்தப் பெட்டியை ஒருநாளும் விரும்பாத அக்கா அன்று அழுதார். அண்ணை எங்கள் இருவருக்கும் மட்டும் கேட்கச் சொன்னார்:

"இது இஞ்சை கிடந்தால் மாமாவின்ரை கையையும் உடைப்பாங்கள். அவருக்கு வாசிச்சுச் சொல்ல ஆர் இருக்கினம்?"

அக்கா கையை விட்டார். கோடாலி திரும்பத் திரும்ப விழுந்தது. பலகை பிளந்தது, ரிசுத்தாள் ஒட்டிய கூம்பு கிழிந்தது, பால்மா ரின்னில் இருந்த வால்வுகள் எல்லாம் கல்லில் நொறுங்கின. கதிரையில் இருந்த கிழவருக்குக் கண் மங்கல். "ஏனடா தம்பி உதைப்போட்டுக் கொத்துறாய்?" என்று கேட்டார்.

"அடுப்புக்கு விறகில்லை மாமா" என்றார் அண்ணை.

இரும்பையும் வயரையும் சாக்கில் கட்டிக் கடலில் எறிந்துவிட்டு வந்தார். பலகைத் துண்டுகளைக் குசினிச் சுவரோரம் அளவாக அடுக்கினார். அரிசிப் பானையும் தண்ணீரும் கிழவரின் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். பிறகு மழைக்குள் சனத்தோடு சனமாக நடந்தோம்.

மாதங்கள் கழிந்து திரும்பி வந்தபோது சூசையப்பு உயிரோடு இருந்தார். எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு. ஆமிக்காரர் வந்து வீட்டைக் கிண்டிக் கொட்டினார்கள், ஒன்றும் அகப்படவில்லை, போய்விட்டார்கள் என்றார். விறகு நன்றாக எரிந்தது, ஆனால் ஒரே நாற்றம் என்று குறைசொன்னார். அண்ணை "ஓம் மாமா, பழைய பலகை" என்றார். கிழவர் சாகும்வரை அவருக்கு வேறெதுவும் தெரியாது. அண்ணை பிறகு வேறொரு அம்பிளிபயர் வாங்கவுமில்லை, அதைப்பற்றிக் கதைக்கவுமில்லை.

அவர் வாசித்தது எதுவும் பதிவாகவில்லை. அந்த ஓசை எப்படி இருந்தது என்று பிள்ளைகள் கேட்டால் என்னால் வாயால் சொல்ல முடியாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, கோடாலியோடு மூச்சிரைக்க நின்ற அந்தக் கோபக்கார மனிதர், ஒரு கிழவர் பயப்படக்கூடாது என்பதற்காகச் சொன்ன பொய்யைத்தான். அதைச் சொன்னபோது அவர் குரல் நடுங்கவில்லை.