ஹேங்கரின் முன்பக்கம்

என் தங்கை புருஷனுக்குக் கடையில் ஹேங்கர் என்று பெயர். பெயர் வைத்தவர் முதலாளி. ஒருநாள் யாரோ ஒரு வாடிக்கையாளர், இந்தச் சட்டை போட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறார். இவன் முந்திரிக்கொட்டை போல முன்னால் வந்து, அதைத் தன் மேல் மாட்டிக்கொண்டு நின்றான். "ஹேங்கர்ல பாத்துட்டீங்கல்ல, இனி நீங்க போட்டுப் பாருங்க சார்" என்றார் முதலாளி. அன்று முதல் பில் போடுகிற பெண்ணிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவன் ஹேங்கர்தான்.

பெயரில் குற்றமில்லை. அப்படித்தான் இருந்தான்.

எனக்கும் அதே ரெடிமேட் கடையில்தான் பிழைப்பு. மாடியில் ஆல்டரேஷன். பேண்ட்டை நறுக்குவது, இடுப்பைப் பிடிப்பது, பொத்தான் வைப்பது. அவன் வேலை கீழே, ஷோகேஸ் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவது. அந்த வேலையில் அவன் கெட்டிக்காரன் என்று ஒப்புக்கொள்கிறேன், வேறு எதிலும் அப்படிச் சொல்ல வாய்ப்பு வராது என்பதால். பொம்மைகள் எல்லாம் ஒரே அளவு. சட்டைகள் அப்படி இல்லை. தொளதொள சட்டையாக இருந்தாலும் மாட்டிவிட்டு, மிச்சத் துணியை முதுகுப்பக்கம் கொத்தாகப் பிடித்து, குண்டூசி குத்திவிடுவான். தெருவிலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். பின்னால் போய்ப் பார்த்தால் சுருக்கமும் ஊசியுமாகச் சகிக்காது.

"முதுகு அசிங்கமா இருக்கே" என்று ஒருமுறை கேட்டேன்.

"பின்னாடி யாரு போய்ப் பாக்கப் போறாங்கக்கா?" என்றான்.

பொம்மைக்குச் சரி. இவன் வாழ்க்கைக்கும் அதையே வைத்துக்கொண்டதுதான் கோளாறு.

உடம்பு ஏற்றப்போகிறேன் என்று இவன் ஜிம்முக்குக் கிளம்பிய நேரமும், இவனுடைய அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட நேரமும் ஒன்றாக அமைந்தன. தங்கையின் மாமனார் எனக்கும் மாமாதான். லாரி ஓட்டியவர். கியர் போட்டுப் போட்டு இறுகிய காலும் கையுமாக இருந்த மனிதர், ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தபோது போர்வைக்கு அடியில் ஆள் இருக்கிறாரா என்று தொட்டுப் பார்க்கவேண்டியிருந்தது.

டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "எலும்ப நான் சேத்துட்டேன். சதைய நீங்கதான் சேக்கணும். முட்டை, பால், பருப்பு, கோழி, எது எறங்குதோ அதக் குடுங்க. தெனமும் பயிற்சி செய்யணும். கால்ல பலம் வரலைன்னா அப்புறம் படுக்கைதான். நான் பயமுறுத்தறதா நெனைக்காதீங்க."

தங்கை அழுதாள். நான் எத்தனை நாளில் நடப்பார் என்று கேட்டேன். இவன் கேட்ட கேள்விதான் கேள்வி. "டாக்டர், எனக்கும் சதை போடணும். முழு முட்டை சாப்பிடலாமா, வெள்ளை மட்டுமா?"

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

வெள்ளைதான் என்று ஜிம்மில் எவனோ சொல்லிவிட்டான். அதிலிருந்து வீட்டில் ஒரு புது நியாயம் வந்தது. மாமாவுக்கென்று தங்கை முட்டை வேகவைப்பாள். இவன் குளித்துவிட்டு வந்து, ஒவ்வொன்றாகப் பிளந்து, வெள்ளையைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மஞ்சள் கருவை ஒரு கிண்ணத்தில் உருட்டிவிட்டு, "இது அப்பாவுக்கு" என்பான். ஏதோ தன் பங்கைத் தியாகம் செய்கிறவன் முகத்தோடு சொல்வான். காய்ந்த மஞ்சள் கரு மாமாவுக்குத் தொண்டையில் இறங்காது. தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்குவார். பாலிலும் இதே கதை. ஜிம் பவுடர் கலக்கிக்கொண்டு இவன் குடித்தது போக, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி அவருக்கு டீ.

"ஏங்க, அது மாமாவுக்கு வாங்கினது" என்று தங்கை சொல்லிப் பார்த்தாள்.

"வளர்ற உடம்புக்குத்தானே தேவை? அவர் இனிமே என்ன பண்ணப் போறார்?"

அடுத்த அறையில் அவர் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். "விடும்மா, வேலைக்குப் போறவன் சாப்பிடட்டும்" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த டம்ளரைத் தூக்கி எறியாமல் வைத்தது பெரிய காரியம். அந்த வீட்டில் எடை கூடியது ஒருவனுக்கு, குறைந்தது இரண்டு பேருக்கு. தங்கையின் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

சரி, கூடியதாவது ஒழுங்காகக் கூடியதா? அதுவும் இல்லை. ஜிம்மில் கண்ணாடியை இடுப்பு உயரத்துக்கு மேல்தான் பதித்திருக்கிறார்கள். கண்ணாடியில் தெரியாதது எதையும் இவன் தொடவில்லை. மார்பு, கை, மறுபடியும் மார்பு. ஜிம் மாஸ்டர் என் பக்கத்து வீட்டுக்காரர். அவரே வந்து புலம்பினார். "முதுகுக்குச் செய்யச் சொன்னா, நாளைக்குங்கறார். உக்காந்து எந்திரிக்கச் சொன்னா, கால்தான் பேண்ட்டுக்குள்ள போயிடுதே மாஸ்டர்ங்கறார். நான் என்னம்மா பண்ண?"

இவனுக்கு அதற்கும் வழி தெரியும். ஒருநாள் கடையில் மாடி ஏறி வந்து, ஒரு கட்டுச் சட்டையை என் மிஷின்மேல் போட்டான்.

"அக்கா, கையப் பிடிச்சுக் குடுங்க."

"இருக்கிறதே சரியாத்தானே இருக்கு?"

"கொஞ்சம் இறுக்கமா இருந்தா ஆர்ம்ஸ் எடுப்பாத் தெரியும்."

தைத்துக் கொடுத்தேன். சட்டைக் கையைச் சுருக்கச் சுருக்க, அவன் கை பெருத்துக்கொண்டே போனது. தையலில் வளர்ந்த உடம்பு அது. கீழே போய் அவன் ஒரு பெட்டியைத் தூக்கியதும், சதை பிதுங்குவதைப் பார்த்து பில் போடுகிற பெண் "ஹேங்கரண்ணே, ஆளே மாறிட்டீங்க" என்றாள். அன்று முழுக்க அவன் கையை மடக்கியபடியே திரிந்தான். மடக்கினால் நீட்டமுடியாது, நீட்டினால் மடக்கமுடியாது என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

வீட்டில் மாமாவின் கதை வேறு மாதிரி நடந்தது. பிசியோதெரபி பெண் ஒருத்தி வாரம் இரண்டு நாள் வந்தாள். அவள் கொண்டுவந்த பயிற்சியைப் பார்த்தால் சிரிப்பு வரும். நாற்காலியில் உட்காரவேண்டும், எழுந்திருக்கவேண்டும். அவ்வளவுதான். முதல் நாள் மாமா எழுந்திருக்கப் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கு வேர்த்துவிட்டது. "கையால தள்ளாதீங்க ஐயா, தொடையால எழுந்திருங்க" என்று அவள் விடாமல் சொல்வாள். விழுந்தால் தரையிலிருந்து எப்படி எழுந்துகொள்வது என்றுகூடச் சொல்லிக்கொடுத்தாள். புரண்டு, முட்டி போட்டு, நாற்காலியைப் பிடித்து, நல்ல காலை முன்னால் வைக்கவேண்டும்.

இவன் ஒருநாள் வாசல்படியில் நின்று வேடிக்கை பார்த்தான். "நீங்களும் செய்யுங்க சார், ஜிம்ல இதத்தான் எடை வெச்சுக்கிட்டு செய்வாங்க" என்றாள் அந்தப் பெண்.

"அதெல்லாம் பேஷண்ட்டுங்க செய்றது" என்று சொல்லிவிட்டு, சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

முட்டைக்கு நானும் தங்கையும் ஒரு வழி கண்டுபிடித்தோம். முழு முட்டையை மசித்துக் குழைந்த சோற்றுக்குள் புதைத்து, மேலே பருப்பை ஊற்றிவிடுவோம். ஹேங்கர் எட்டிப்பார்த்தால் சோறும் பருப்பும்தான் தெரியும். முன்பக்கம் மட்டும் பார்க்கிறவனை ஏமாற்றுவது சுலபம். மாமா சாப்பிடும்போது ஒருமுறை நிமிர்ந்து எங்களைப் பார்த்தார், மறுபடி குனிந்து சாப்பிட்டார். சொந்த வீட்டில், சொந்த மகனுக்குத் தெரியாமல் ஒரு முட்டையைத் திருடித் தின்கிற நிலைமை அவருக்கு.

ஆனால் சதை பொய் சொல்லாமல் வந்தது. முதலில் எங்கள் தோளைப் பிடித்து எழுந்தார், பிறகு நாற்காலிக் கையை, பிறகு வாக்கரை. கட்டிலிலிருந்து ஜன்னல் வரை போய்த் திரும்புவார். சமையல்கட்டு வரை யார் துணையும் இல்லாமல் போகவேண்டும், அதுதான் அவருக்கு ஆசை. "போயி நானே தண்ணி மொண்டு குடிக்கணும்மா" என்பார். ஆனால் தனியாகப் போகப் பயம். மறுபடி விழுந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விழவும் விழுந்தார். விழுந்தார் என்றுகூடச் சொல்லமுடியாது, கட்டில் விளிம்பிலிருந்து மெல்லச் சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் தங்கையும் ஓடினோம். "ஒண்ணும் அடியில்ல, நாற்காலிய எடு" என்றார்.

அதற்குள் வந்துவிட்டான் ஹேங்கர். இத்தனை நாள் வளர்த்த உடம்புக்கு ஒரு வேலை வந்துவிட்ட சந்தோஷம் அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"தள்ளுங்க. நான் தூக்கறேன்."

"வேணாம் தம்பி, அவரே எழுந்துப்பார்" என்றேன்.

"அக்கா, இதுக்குத்தானே உடம்பு?"

சட்டையைக் கழற்றினான். வீரத்துக்காக இல்லை, அதைப் போட்டுக்கொண்டு கையை மடக்கமுடியாது. காலை விறைப்பாக நிறுத்தி, இடுப்பிலிருந்து குனிந்து, அப்பாவின் அக்குளில் கைகொடுத்து ஒரே வெட்டாக இழுத்தான். மார்பு விம்மியது. கை புடைத்தது. கண்ணாடி இருந்திருந்தால் நன்றாகத்தான் தெரிந்திருக்கும். மாமா ஒரு சாண்கூட எழவில்லை. இவன் வாயிலிருந்து, கதவிடுக்கில் மாட்டிய பூனை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்படியே முட்டி மடங்கி, பக்கவாட்டில் சாய்ந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டான்.

"டேய், என்னடா ஆச்சு?" என்றார் மாமா, தரையில் உட்கார்ந்தபடி.

"முதுகு... அப்பா, முதுகுப்பா..."

தங்கை என்னைப் பார்த்தாள். யாரை முதலில் கவனிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் குழப்பத்தை மாமாவே தீர்த்துவைத்தார். புரண்டார். முட்டி போட்டார். நாற்காலியை இழுத்து முன்னால் வைத்தோம். நல்ல காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, தொடை நடுங்க நடுங்க எழுந்து நின்றார். நாங்கள் நாற்காலியைத்தான் பிடித்துக்கொண்டோம், அவரைப் பிடிக்கவில்லை.

மகனைத்தான் போர்வையில் போட்டு இழுத்து, அக்கம்பக்கத்தில் ஒருவரைக் கூப்பிட்டு, மூன்று பேர் சேர்ந்து மாமாவின் கட்டிலில் ஏற்றவேண்டியிருந்தது. தெருமுனை கிளினிக் டாக்டர் வந்து ஊசி போட்டார். முதுகுத் தசை பிடித்துக்கொண்டதாம், அசையாமல் படுக்கவேண்டுமாம். "முதுகுக்கு ஏதாச்சும் பயிற்சி உண்டா?" என்று கேட்டார். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலையில் நான் போனபோது, தங்கை சமையல்கட்டில் முட்டை வேகவைத்து ஆறவைத்திருந்தாள். பின்னால் டக் டக்கென்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். வாக்கரோடு மாமா வந்துகொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் பிடிக்கவில்லை. தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். பிறகு ஒரு முட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வந்த மாதிரியே திரும்பினார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் வாக்கரை நிறுத்தி, நின்றபடியே ஓட்டை உரித்தார். முட்டை சிதையாமல் முழுசாக வந்தது.

"இந்தா, சாப்பிடுடா. தெம்பு வரும்."

ஹேங்கர் கண்ணைத் திறந்தான். அப்பா எழுந்து நிற்பதையோ, எங்கே போய்விட்டு வந்தார் என்பதையோ அவன் பார்க்கவே இல்லை. அவர் கையைத்தான் பார்த்தான்.

"மஞ்சக்கருவ எடுத்துட்டுக் குடுப்பா" என்றான்.

மாமாவின் கை அப்படியே நின்றது. அப்புறம் முட்டையைத் தன் வாய்க்குக் கொண்டுபோய் ஒரு கடி கடித்தார். வெள்ளையும் மஞ்சளும் சேர்த்து, நிதானமாக மென்று, முழுவதையும் நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்தார். கையில் ஒட்டியிருந்ததைத் துடைத்துக்கொண்டு, வாக்கரைச் சமையல்கட்டுப் பக்கம் திருப்பினார்.

"இன்னொண்ணு இருக்காம்மா?" என்று என் தங்கையைக் கேட்டார்.

இருந்தது.