கண்கட்டை அவிழ்த்தவர்

வானொலியில் பிறர் மனத்தைப் படித்துக் காட்டிப் பெயர் பெற்ற ஒரு தம்பதி, 2005ஆம் ஆண்டின் இறுதியில் மரக்காணத்துக்கு வந்தனர். கணவர் கூட்டத்தினரிடம் ஒரு பொருளை வாங்கிக்கொண்டு கேள்வி கேட்பார். மேடையில் கண்கள் கட்டப்பட்ட மனைவி அதன் பெயரைச் சொல்வார். கேள்வியின் முதல் சொல்லே மனைவிக்குக் குறிப்பு என்பதைக் கல்லூரியில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த நான் விரைவிலேயே கண்டுகொண்டேன்.

அப்போது எங்கள் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா எழுந்தார். உப்பளத்தில் வேலை செய்பவர். சுனாமியன்று கடலுக்குப் போன அவருடைய கணவரின் உடல் கிடைக்கவே இல்லை. ஆண்டு முடிவதற்குள் காரியம் செய்து தாலியைக் கழற்றிவிடும்படி உறவினர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

கணவரின் வலை ஊசியை நீட்டி, "இது என்னான்னு கேக்கலீங்க. எங்க ஊட்டுக்காரரு இருக்காரா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அந்த மனிதர் ஊசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்பா, ரேடியோல மட்டுந்தான் பேசுவியா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

மனைவி தாமே கண்கட்டை அவிழ்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. இவரு கேக்குறதுலயே பதில் இருக்குது. அவ்வளவுதான்."

அவர்களுடைய பிழைப்பே அந்தச் சொற்களோடு முடிந்தது. அந்த நேர்மையை நான் வியந்துகொண்டிருந்தபோது, செல்வி அக்கா ஊசியைத் திரும்ப வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அது எனக்கும் தெரியும்மா. நீ இருக்காருன்னு சொன்னா, அத வெச்சு சொந்தக்காரங்க வாய அடைக்கலாம்னுதான் வந்தேன்."

அடுத்த வாரம் காரியம் நடந்தது. உண்மையைச் சொன்ன அந்தப் பெண்மணியை இன்றும் மதிக்கிறேன். ஆயினும், அன்று ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்றே என் மனம் கேட்டுக்கொண்டிருக்கிறது.