பீங்கான் நாற்காலி

எங்கள் தெருவில் முதன்முதலாக வெஸ்டர்ன் டாய்லெட் வைத்த வீடு எங்களுடையதுதான். வசதி பெருகிப்போய் வைத்ததல்ல. அம்மாவின் தொடை எலும்பில் கட்டி வந்து, வேலூர் ஆஸ்பத்திரியில் இடது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஊன்றுகோல்களைக் கக்கத்தில் கொடுத்துக்கொண்டு நடக்கலாம், குந்த முடியாது. அம்மா வீடு திரும்புவதற்குள் அப்பா ஒரு கொத்தனாரைப் பிடித்து, கொல்லைப்புறக் கக்கூஸில் அந்த வெள்ளைப் பீங்கான் நாற்காலியை வைக்கச் சொன்னார்.

மூன்றாம் வகுப்பில் இருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. தோழிகளை ஒவ்வொருத்தியாக அழைத்துவந்து காட்டினேன். உட்கார்ந்தும் காட்டினேன். ஒருத்தி மட்டும், "இன்னாடி, ஆடுது?" என்றாள். அவளோடு ஒரு வாரம் பேசவில்லை.

ஆனால் அது ஆடத்தான் செய்தது. கொத்தனார் அவசரத்தில் தரையைச் சமன் செய்யாமலே திருகாணிகளை முடுக்கிவிட்டுப் போயிருந்தார். உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும், எழுந்தால் மறுபக்கம். எனக்கு அது ஊஞ்சல். அம்மாவுக்கு இருந்தது ஒரே கால்.

அது ஆடுகிறது என்று முதல்நாளே அம்மா சொன்னது. அப்பா ஜரிகைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து மடித்து அடியில் செருகினார். ஈரத்தில் அது ஊறிக் கூழாகிவிட்டது. அதற்குள் முகூர்த்த மாதம் வந்தது. முதலாளி வீட்டிலிருந்து சேலைக்கு ஆள்மேல் ஆள் வந்தது. அப்பா விடிந்ததும் தறிக்குழியில் இறங்கினால் விளக்கு வைத்த பிறகுதான் ஏறுவார். அம்மா அதைப்பற்றி மறுபடி வாய் திறக்கவில்லை.

அந்த நாட்களில்தான் அம்மாவுக்கு என்மேல் திடீரென்று பிரியம் கூடியது. தனக்கு வந்த டீயை என்னிடம் தள்ளியது. மோரையும் எனக்கே கொடுத்தது. நான் மடக்மடக்கென்று குடித்துவிட்டு, அம்மாவுக்குச் செல்லம் நான்தான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஒரு மத்தியானம் அம்மா கட்டிலிலேயே மயங்கிச் சரிந்தது. வந்து பார்த்த டாக்டர், உடம்பில் தண்ணீரே இல்லை என்று திட்டினார். அவர் போனதும் அப்பா கட்டிலருகே வந்து நின்றார்.

"தண்ணி கூட குடிக்காம இன்னாத்துக்கு இப்படிப் பண்ற?"

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னது: "குடிச்சா போவணும் இல்லீங்களா? அது ஆடுது. வுழுந்துடுவனோன்னு பயமாகீது."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீங்க தறியில உக்காந்துகினு இருக்கீங்க. எத்தினி வாட்டி சொல்றது?"

மறுநாள் அப்பா தறியில் இறங்கவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வந்து காலால் பீங்கானை ஒரு உதை விட்டுப் பார்த்து, "ரெண்டு ஆப்பு அடிச்சா போதும்ணே. இன்னும் எத்தினி நாளைக்கு..." என்று இழுத்தார். அப்பா அவரை முடிக்க விடவில்லை. "நீ கெளம்பு" என்றார். நல்ல மனுஷரை அப்பா ஏன் அப்படி விரட்டுகிறார் என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

அப்பாவே திருகாணிகளைக் கழற்றிப் பீங்கானைத் தூக்கி ஓரமாக வைத்தார். குழாய் வாயில் சாக்கை அடைத்தார். உளியால் தரையைக் கொத்தி, கலவை போட்டு, இரவல் வாங்கிய ரசமட்டத்தை வைத்து வைத்துச் சமன் பார்த்தார். பட்டு நெய்கிறவர்கள் உள்ளங்கையைக் குழந்தை போலப் பாதுகாப்பார்கள். சொரசொரத்தால் இழை மாட்டிக்கொள்ளும். அப்பா வெறுங்கையால் சிமெண்டை அள்ளினார். எட்டிப் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு இரும்புக் குழாயையும் பதித்தார்.

சிமெண்ட் இறுகும்வரை அம்மாவுக்குக் கட்டிலருகே பேசின்தான். குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைத்தறியாத அப்பா அதை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவினார். ஒவ்வொரு முறையும் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது.

கலவை காய்ந்ததும் பீங்கானைப் பழையபடி நிறுத்தி, திருகாணிகளை முடுக்கி, சுற்றிலும் வெள்ளை சிமெண்ட் பூசினார். அதுவும் இறுகியபின் அப்பா வேட்டியோடு அதன்மேல் உட்கார்ந்து, சாமி வந்தவர் போல இடமும் வலமும் ஆடினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அம்மாவை மெல்ல நடத்திக் கூட்டிவந்தார். அம்மா குழாயைப் பிடித்துக்கொண்டு, மூடியின்மேல் உட்கார்ந்து பார்த்தது. அசைந்து பார்த்தது. பீங்கான் அசையவில்லை.

"இவ்ளோ கெட்டியா எதுக்குங்க போட்டீங்க?" என்றது அம்மா.

வேலூரில் டாக்டர்கள் அப்பாவிடம் சொல்லி அனுப்பியதை நான் வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டிருந்தது. அம்மாவுக்கும் அது தெரிந்திருந்தது. அடுத்த ஆடிக்கு அம்மா இல்லை.

அன்று அப்பா கையைத் துடைத்துக்கொண்டே, "பத்து வருசம் ஆனாலும் அசையாது" என்றார்.

எனக்குக் கணக்கு நன்றாக வரும். "பத்து வருசம்னா, அப்ப நான் காலேஜு படிச்சுகினு இருப்பேன்மா!" என்று கத்தினேன். சரியாகச் சொன்னதற்கு இரண்டுபேரும் மெச்சுவார்கள் என்று பார்த்தேன். அப்பா வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, என் தலைமுடியைப் பிரித்து, அங்கேயே உட்கார்ந்தபடி மறுபடி பின்ன ஆரம்பித்தது. காலையில்தான் பின்னிவிட்டிருந்தது. கலையவே இல்லையே என்று நான் சிணுங்கிக்கொண்டு நின்றேன்.